பேர் சொல்லிவிட்டு வரட்டும் பேய்

காவேரிப்பட்டணம்,
அக்டோபர் மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கம்மாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலி கூடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. தென்பெண்ணையில் இந்த வருஷம் தண்ணீர் ஓடுகிறது.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லவில்லை. சின்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் காதில் அரைகுறையாக விழ வேண்டாம் என்றுதான். பெரியவள் சிநேகிதிகளோடு உங்கள் கலிபோர்னியாவில் உள்ள அந்த நாட்ஸ் பொழுதுபோக்குப் பூங்காவின் பேய் ராத்திரிக்கு, அதாவது அக்டோபரில் ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகையை ஒட்டி வேஷக்காரர்கள் வந்து பயம் காட்டுகிற ராத்திரிக்கு, போகணும் என்கிறாள். அக்கா போனால் நானும் போவேன் என்று சின்னவன் அடம்பிடிக்கிறான். குடும்பம் குடும்பமாக வருகிற இடத்தில் இந்தப் பேய்க்கூத்தெல்லாம் எதற்கு என்று மாப்பிள்ளைக்குக் கோபம். நீயோ, "எங்கப்பாவே அரிதாரம் பூசிக்கொண்டு பிள்ளைகளை அலற வைத்தவர்தானே, அவரையே கேட்போம்" என்றாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். அதனால் நிதானமாக எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

என் மனசில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வருகிற பூங்கா பயம் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பகலில் ராட்டினம் சுற்ற வந்த பிள்ளை மேல், பொழுது சாய்ந்ததும் அதே சீட்டிலேயே பேயை ஏவிவிடுவதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயப்பட வந்தவர்கள் பயப்படட்டும். வராதவர்கள் மேல் அதைக் கொட்டக் கூடாது.

தெருக்கூத்தில் நான் துச்சாதனன் வேஷம் கட்டிய நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். முகமெல்லாம் சிவப்பு, அதன்மேல் வெள்ளைப் புள்ளி, புஜக்கட்டை, கிரீடம், காலில் சலங்கை. நடுராத்திரிக்கு மேல் நான் கூத்து ஆடுகிற களரிக்கு வரும்போது, முன்வரிசையில் சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் நான் எப்படி வருவேன் என்பதை யோசித்துப் பார். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம். பிறகு பாட்டு. கிரீடத்தின் நுனி தெரியும், திரும்பி நின்று முதுகைக் காட்டுவேன். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் போய், "யாரப்பா நீ, எந்த தேசம், எதற்கு வந்தாய்" என்று கேட்பான். நான் இன்னார், இன்னாருடைய தம்பி என்று சொன்ன பிறகுதான் திரை விலகும். அதற்குள் பயந்த பிள்ளை அம்மா மடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பயப்படாத பிள்ளை முட்டிபோட்டு எட்டிப்பார்க்கும். இரண்டுக்கும் அவகாசம் கொடுக்கத்தான் அந்தத் திரை. நான் எவ்வளவு கர்ஜித்தாலும் பக்கத்திலேயே கட்டியக்காரன் நின்று ஒரு சொல்லில் சிரிக்க வைத்துவிடுவான். துகில் உரிகிற கட்டத்துக்கு முன்னால் நானே திரௌபதி அம்மனுக்குக் கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் கையை வைப்பேன். சபையே அதைப் பார்க்கும். இவன் கெட்டவன் இல்லை, கெட்டவனைக் கட்டியிருக்கிறான் என்று பிள்ளைக்கும் புரியும்.

மயானக் கொள்ளைக்கு உன்னைத் தோளில் வைத்துக் கூட்டிப்போவேனே, அதையும் நினைத்துப் பார். சிவராத்திரி முடிந்து மாசி அமாவாசை. பிரம்மாவின் தலையைக் கிள்ளிய சிவன் கையில் ஒட்டிக்கொண்ட கபாலத்தை, அங்காளம்மன் மயானத்தில் சோற்றை இறைத்துக் கீழே இறங்க வைத்து மிதித்தாள் என்று கதை. நம்மூரில் எத்தனை பேர் காளி கட்டிக்கொண்டு நாக்கைத் தள்ளியபடி தெருவில் ஆடி வருவார்கள்! பம்பை சத்தத்தில் நெஞ்சு அதிரும். உயிர்க்கோழியைக் கடிக்கிறவர்களும் உண்டு. அதை மட்டும் பிள்ளைகள் கண்ணில் படாமல் நான் திரும்பி நின்றுகொள்வேன், இப்போதும் அப்படித்தான். நீ அழுதாய். ஆனால் அந்தக் காளி யார் என்று உனக்குத் தெரியும், கடைத்தெருவில் உனக்குப் பொரி கட்டிக் கொடுக்கிற அண்ணன். நீ அழுவதைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்தி, கிட்டே வந்து, உன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனான். பயம் காட்டினவன் கையாலேயே அந்தப் பயம் தீர்ந்தது. வீடு வந்து சேர்வதற்குள் நீ நாக்கைத் தள்ளிக்கொண்டு உங்கம்மாவை மிரட்ட ஆரம்பித்துவிட்டாய்.

ஆக, பிள்ளைக்குப் பயமே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. எது வருகிறது என்று முன்னாலேயே தெரியணும், வேண்டாம் என்றால் விலக வழி இருக்கணும், பிறகு தேற்ற ஆள் இருக்கணும். இந்த மூன்றும் இருந்தால் பயம் பிள்ளையை வளர்க்கும்.

இனி உங்கள் ஊர் விஷயம். நீ சொன்ன பிறகு தம்பி மகனை விட்டுத் தேடச் சொல்லி நிறையப் படித்தேன். நாட்ஸ் பிறந்த கதையே எனக்குப் பிடித்துப்போனது. பெர்ரி விளைவித்து விற்ற குடியானவர் வால்டர் நாட். அவர் மனைவி கோர்டிலியா கோழி வறுத்துச் சாப்பாடு போட, அதற்காக வரிசையில் மணிக்கணக்காக நின்றவர்கள் பொழுதுபோக்கட்டும் என்று 1940இல் பழைய மரவீடுகளை வைத்து ஒரு கோஸ்ட் டவுன், அதாவது ஆளில்லாமல் போன பழைய ஊர் மாதிரி, கட்டத் தொடங்கினார். அதுதான் பூங்காவாக வளர்ந்திருக்கிறது. 1973 அக்டோபரில் முதல் பேய் ராத்திரி. ஃபுளோரிடாவில் யுனிவர்சல் என்கிற சினிமாப் பூங்காக்காரர்கள் இதே மாதிரி தொடங்கியது 1991இல். கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பூங்காக்களில் கூட்டம் குறையும். அக்டோபரை நிரப்ப இது ஒரு வழி. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். எந்த மாதம் எந்த ஊரில் திருவிழா என்று பார்த்துத்தான் எங்கள் கூத்து ஜமாவும் பிழைத்தது.

நாட்ஸில் முழங்காலில் இரும்பு பதித்த காப்பு கட்டி, தரையில் தீப்பொறி பறக்கச் சறுக்கி வந்து காலடியில் நிற்பார்களாமே! தம்பி மகன் வீடியோ காட்டினான். அசந்துபோனேன். சும்மா வருகிற வித்தை இல்லை அது. அந்த வேஷக்காரர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அவர்கள் தொழிலுக்கு உயிரே சொல்லாமல் வந்து பாய்வதில் இருக்கிறது. திரை கிடையாது, கட்டியக்காரன் கிடையாது. பெரியவர்களுக்கு அது சரி, அதற்குத்தானே காசு கொடுத்து வருகிறார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது ஆகாது. அவனுக்கும் முகமூடி என்று தெரியும். விளக்கை அணைத்துப் படுக்கையில் கிடக்கும்போது அந்தத் தெரிந்தது நிற்காது, பாய்ந்தது மட்டும்தான் நிற்கும்.

அதனால்தான் திரையைப் பூங்காவே போடணும் என்கிறேன். பகல் ஆட்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்து. ராத்திரிக்குத் தனிச் சீட்டு கொடு. வாசலிலேயே இது இப்படிப்பட்ட இடம் என்று சொல். நாட்ஸ்காரர்கள் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள், பேய் ராத்திரிக்குத் தனிச் சீட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பகலில் வேறு கொண்டாட்டம். பார்க்க வருகிறவர்கள் முகமூடியோ வேஷமோ போட்டு வரக்கூடாது என்று வைத்திருப்பதும் நல்ல விதி. யார் வேஷக்காரன், யார் வேறு எண்ணத்தோடு வந்தவன் என்று தெரியணும் அல்லவா? டிஸ்னி ஃபுளோரிடாவில் 1995இலிருந்து நடத்துகிற ஹாலோவீன் விருந்துக்குப் பேரிலேயே அவ்வளவு பயமில்லை என்று சேர்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு வழி.

எனக்கு ஒப்பாதது, பகல் சீட்டோடு சேர்த்தே ராத்திரிப் பேயையும் விற்கிற பூங்காக்கள். மத்தியானம் பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொடுத்த அதே பாதையில் இருட்டியதும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் துரத்துகிறான். ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள் என்று ஒரு பலகை. வெளியூரிலிருந்து முழுநாளுக்கும் காசு கட்டி வந்த குடும்பம் ஏன் கிளம்பணும்? சில இடங்களில், என்னை பயமுறுத்தாதே என்று காட்டக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் விளக்கு மாலையைத் தனிக் காசுக்கு விற்கிறார்களாம். பிள்ளையை விட்டுவிடு என்று கேட்பதற்கும் காசா? படித்ததும் மனசு கொதித்தது.

வயசு விஷயத்திலும் எனக்குக் குறை உண்டு. 13 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று யுனிவர்சலும் நாட்ஸும் எழுதித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் அது புத்திமதி, தடை இல்லை. தகப்பன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் உள்ளே போகலாம். முடிவு பெற்றவர்கள் கையில் என்பார்கள். பெற்றவர்களுக்கும் ஆசை இருக்கிறது, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அப்போது அவர்கள் எடுக்கிற முடிவு பிள்ளைக்காக எடுத்ததாக இருக்காது. உயரம் போதாத பிள்ளையை எவ்வளவு கெஞ்சினாலும் ராட்டினத்தில் ஏற்ற மறுக்கிறார்களே, அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

இன்னொன்று எழுதாமல் விட முடியாது. 2016இல் அதே நாட்ஸில் ஒரு காட்சி வைத்தார்களாம். மனநல ஆஸ்பத்திரி, கட்டிப்போட்ட நோயாளி, அங்கே நடக்கிற கோரம், எல்லாம் கண்ணில் மாட்டுகிற கருவி வழியாக. அதற்கு வைத்த பேரில் 5150 என்று ஒரு எண். தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகும் நிலையில் உள்ள மனநோயாளியைப் பிடித்து வைக்க கலிபோர்னியா சட்டத்தில் உள்ள பிரிவின் எண் அது. மனநோயாளிகளின் குடும்பங்களும் அவர்களுக்காகப் பேசும் அமைப்புகளும் எதிர்த்ததால் சில நாளில் மூடிவிட்டார்கள். மூடியது நல்லது. நம் பக்கத்தில் புத்தி பேதலித்தவர்களைப் பேய் பிடித்தது என்று சொல்லிச் சங்கிலி போட்டு வைத்ததன் பலன் என்ன ஆனது? ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் கொட்டகை தீப்பிடித்து, கட்டு அவிழ்க்க முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதைப் பேப்பரில் படித்துவிட்டு உங்கம்மா சாப்பிடாமல் இருந்தாள். நோயாளியைப் பேயாகக் காட்டி ஒரு பிள்ளைக்குப் பழக்கினால், நாளைக்கு தெருவில் நிஜ நோயாளியைக் கண்டு அது கல்லெடுக்கும். ராட்சசனைக் கட்டு, காட்டேரியைக் கட்டு, எத்தனை வேண்டுமானாலும் கட்டு. நோயில் கிடக்கிறவனைக் கட்டாதே.

தீயைப் பற்றியும் பெரியவளிடம் சொல்லணும். 1984 மே மாதம் நியூஜெர்சியில் ஒரு பெரிய பூங்காவின் பேய்க்கோட்டைக்குள் தீப்பிடித்து எட்டு இளம் பிள்ளைகள் இறந்தார்கள். இருட்டு வழி, சுவரில் பஞ்சுமெத்தை, தண்ணீர் தெளிக்கும் குழாய் கிடையாது. அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட இடங்களுக்குச் சட்டம் இறுகியது. பேய்க்கோட்டைக்குள் நிஜமாக அலறுகிறவனும் வேடிக்கைக்கு அலறுகிறவனும் ஒன்றுபோலத்தான் கேட்பார்கள். அதனால் உள்ளே நுழையும்போதே வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளச் சொல்.

என் தீர்ப்பு இதுதான். பெரியவள் போகட்டும். பதினாலு வயசு, அவளாக ஆசைப்பட்டுக் கேட்கிறாள், சிநேகிதிகளோடு கையைப் பிடித்துக்கொண்டு அலறுகிற சந்தோஷம் அந்த வயசுக்கு வேண்டியது. மாப்பிள்ளை மறுக்க வேண்டாம், கூடப் போகட்டும். நாட்ஸில் 2022இலேயே வாரக் கடைசி நாட்களில் பெரியவர் துணை இல்லாமல் சின்ன வயசுக்காரர்கள் வரக்கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள், இப்போது எப்படி என்று சீட்டு வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வேஷக்காரர்கள் தொட மாட்டார்கள், இவளும் தொடக்கூடாது. பயத்தில் கையை ஓங்கிவிடுகிறவர்கள் உண்டு. முகமூடிக்குள் இருப்பவனுக்குப் பக்கவாட்டில் கண் தெரியாது, அடி விழுந்தபிறகுதான் தெரியும். நான் வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சின்னவனை அனுப்பாதே. எவ்வளவு அழுதாலும் சரி. பகலில் அவன் வயசுப் பிள்ளைகளுக்கு நடக்கிறதே, அதற்கு நீ கூட்டிப் போ. பயப்பட வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தால் மாசி அமாவாசைக்கு இங்கே அழைத்துக்கொண்டு வா, என் தோளில் வைத்துக் காளியைக் காட்டுகிறேன். முதல் நாளே அந்தக் காளி வீட்டுக்குக் கூட்டிப்போய் அறிமுகமும் செய்துவைப்பேன்.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எலத்தகிரியில் நம் சிநேகிதர் வீட்டுக்குப் போகிறோம். அவர்கள் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றும்போது பிள்ளைகள் எல்லாம் கல்லறை மேட்டில் ஓடி விளையாடும். உங்கள் ஹாலோவீனுக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது அது. சின்னவனுக்கு அங்கிருந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் பெரியவளிடம் கொடு. போகிற நாள் எது, யார் யார் போகிறார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்று நானே அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா