என் தம்பிக்கு ஏறியது குதிரை ஊசி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மனச்சோர்வுக்குக் கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கும் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “மனத்திடம் இல்லாதவர்கள், குதிரைக்குப் போடும் போதை ஊசியைத் தேடி ஓடுகிறார்கள்.” அன்று காலை எதிர்வீட்டு அம்மா பேப்பரைக் கையில் பிடித்தபடி வந்து, “உங்க தம்பிக்குப் போட்டாங்களே, அது இதுதானா?” என்று கேட்டார். தம்பி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். செவ்வாய்க்கிழமை கவுன்சிலிங்குக்குப் போக வேண்டியவன் போகவில்லை.

நான் இதே பெங்களூரில் ஆபரேஷன் தியேட்டரில் 27 வருஷம் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கெட்டமினை எத்தனை முறை என் கையால் சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மாட்டு ஆஸ்பத்திரியிலும் அது பயன்படுகிறது, உண்மைதான். ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க அமெரிக்காவில் 1970-லேயே அனுமதி கிடைத்த மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மற்ற மயக்க மருந்துகளைப் போல மூச்சை அடக்காது, பிரஷரைக் கீழே தள்ளாது. அதனால்தான் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் குழந்தைகளுக்கு டாக்டர்கள் அதைக் கேட்பார்கள். உங்கள் வாசகர்கள் எத்தனையோ பேர் உடம்பில் அவர்களுக்கே தெரியாமல் அது ஏறியிருக்கும்.

போதைக்காக அதைத் திருடுகிறவர்களும் உண்டு. அதற்காகவே 2013-ல் அதை ஷெட்யூல் எக்ஸ் என்ற, கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலுக்கு மாற்றினார்கள். எங்கள் தியேட்டரில் பூட்டிய அலமாரி, தனி ரிஜிஸ்டர், காலி பாட்டிலுக்குக்கூட கணக்கு. அந்த மருந்தைத் தேடி யாரும் ஓட முடியாது. ஒரு டாக்டர் எழுதினால்தான் கிடைக்கும்.

தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டினான். 2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா இரண்டாம் அலையின்போது, இந்த ஊர் சுடுகாட்டு வாசல்களில் வண்டிகள் வரிசையில் நின்றது உங்களுக்குத் தெரியும். நீங்களே முதல் பக்கத்தில் படம் போட்டீர்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு வண்டிக்குள் அவன் இருந்தான். பிறகு அந்த வேலைக்கு அவன் போகவே இல்லை. சைரன் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வான். தூக்கம் போனது, குளிப்பது நின்றது. இரண்டு வகை மாத்திரை, மாதக்கணக்கில் முழு அளவில் கொடுத்தும் கேட்கவில்லை. கடைசியில் சாவைப் பற்றியே பேச ஆரம்பித்தான்.

டாக்டர் கெட்டமின் என்றதும் எனக்கே திக்கென்றது. மூன்று வாரத்தில் ஆறு முறை. கிலோவுக்கு அரை மில்லிகிராம், நாற்பது நிமிஷம் டிரிப்பில் ஏற வேண்டும். ஆபரேஷனுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவு. பக்கத்திலேயே நின்று பிரஷர் பார்த்தார்கள். முதல் நாள், “அக்கா, மேல இருந்து நானே என்னைப் பாக்கிற மாதிரி இருக்கு” என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது டிரிப்புக்கு மறுநாள் காலை அடுக்களை வாசலில் வந்து நின்றான். “மாவு இருக்கா அக்கா? ஒரு தோசை ஊத்தேன்.” எட்டு மாதத்தில் அவனாக வாய் திறந்து கேட்டது அதுதான்.

உங்கள் கட்டுரையாளர் கேட்டிருந்தால் இதன் குறைகளையும் நானே சொல்லியிருப்பேன். மனச்சோர்வு சீக்கிரம் குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் பலன் சில நாளோ சில வாரமோதான் நிற்கும். அதிர்ச்சியால் வந்த பாதிப்புக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கு ஆகாது. போதைக்காகத் தொடர்ந்து எடுத்தால் மூத்திரப்பை கெடும். மனசு கொஞ்சம் இளகியிருக்கும் நாட்களில் உட்கார்ந்து பேச வேண்டும், பாதி வைத்தியம் அதில்தான் இருக்கிறது. தம்பிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அழும்போது தமிழ்தான் வருகிறது. தமிழ் பேசும் கவுன்சிலர் ஒருவரைக் கண்டுபிடிக்க டிரிப் ஆரம்பிக்கும் முன்பே இரண்டு மாதம் அலைந்தேன். அந்த வண்டிக்குள் ஒரு பெண் தன் அம்மாவின் காலைப் பிடித்தபடி ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததை அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னானாம். அந்தப் பேச்சு இப்போது நின்றிருக்கிறது, உங்கள் ஒரு வரியால்.

இது முதல் தடவையும் அல்ல. எங்கள் அப்பா காலத்திலிருந்து உங்கள் பேப்பர்தான் வாங்குகிறோம். தற்கொலைச் செய்தி வந்தால் எப்படிச் செய்துகொண்டார் என்பதைத் தலைப்பிலேயே போடுகிறீர்கள். அதைக் கண்டித்து இரண்டு வருஷம் முன் எழுதிய கடிதம் வரவே இல்லை. சிரிப்புப் பக்கத்தில் ஷாக் ட்ரீட்மென்ட் ஜோக். மயக்கம் கொடுக்காமல் அந்தச் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது உங்களுக்குத் தெரியாததா? நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னமும் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று அச்சடிக்கிறீர்களே, ஐயா. அதே நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. மீதிப் பதினைந்து பேரையாவது விட்டுவைக்கக் கூடாதா? அவர்கள் எவ்வளவு பாடுபட்டு அந்த வாசலைத் தாண்டுகிறார்கள் என்று நான் கூடவே நின்று பார்த்தவள்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில் போடுங்கள். இனி இப்படிப்பட்ட செய்தி எது வந்தாலும் அடியில் அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐச் சேருங்கள். தமிழிலும் பேசுகிறார்கள், காசில்லை. வரும் செவ்வாய்க்கு மறுபடி நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறே திருத்தம் வந்தால் தம்பியிடம் காட்டுவேன். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு