‘இயல்பான தேய்மானம்’ என்று பதில் எழுதியவர்களுக்கு

கிடார் கம்பெனியின் வாரண்டி பிரிவில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

நான் உங்களுக்கு எழுதியது இரண்டு பக்கம். கூடவே ஒன்பது படங்கள், 2001-இல் வாங்கியபோது கொடுத்த பில்லின் நகல். உங்களிடமிருந்து வந்தது மூன்றே வரி: கழுத்தின் கோணம் மாறியிருப்பது இயல்பான தேய்மானம், ஆயுள் வாரண்டியில் அது வராது, எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. அந்த மூன்று வரிக்கான பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். பழைய கிடார் வைத்திருக்கும் இன்னும் பலருக்கு இதே பதில் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் பக்கத்துக் குற்றங்களை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில், முதல் மூன்றிலும் தந்தி அழுந்தும் இடமெல்லாம் பள்ளம். சி, ஜி, டி கார்டுகளை வைத்தே காலத்தை ஓட்டியவன் நான், அது என் விரல் செய்த வேலை. உடலின் மேல் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே முன்பலகையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருக்கிறது. ஒரு வறண்ட பருவம் முழுக்கப் பெட்டிக்குள் வைக்காமல் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் கொடுத்த கையேட்டிலேயே போட்டிருந்தது. விரிசல் விட்ட பிறகுதான் அதைப் படித்தேன். இந்த இரண்டுக்கும் நான் வாரண்டி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நான் கேட்டது கழுத்துக்கு மட்டும்.

வாங்கிய புதிதில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த தந்தி நிற்கும் உயரம் இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தது. இப்போது நான்கைத் தொடுகிறது. இடையில் இரண்டு முறை, பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் பட்டையான சாடிலை உரசி உரசிக் குறைத்தாயிற்று. பிரிட்ஜுக்கு மேலே அது தெரிவது இனி நகக்கண் அளவுதான், அதற்குமேல் குறைக்க வழியில்லை. ஃப்ரெட்டுகளின் மேல் நீளமான எஃகு அளவுகோலை வைத்து முன்னே தள்ளினால், கழுத்தின் கோணம் சரியாக இருந்தால் அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். என் கிடாரில் அது பிரிட்ஜின் முன்பக்கத்தில், பாதி உயரத்தில் போய் முட்டுகிறது. நான் அனுப்பிய நான்காவது படம் அதுதான். யாராவது திறந்து பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

உங்கள் உதவி எண்ணில் பேசியவர் “ட்ரஸ் ராடைக் கொஞ்சம் முறுக்கிப் பாருங்களேன்” என்றார். பாவம், அவர் கையில் கொடுத்த காகிதத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். கழுத்து வில்லாக வளைந்தால் அதை நிமிர்த்துவதற்குத்தான் கழுத்துக்குள் ஓடும் அந்தக் கம்பி. கழுத்து உடலோடு சேரும் இடத்திலேயே கோணம் மாறிவிட்டால் அதை எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. இதை உங்களுக்கே நான் எழுத வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

சரி, ‘தேய்மானம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தேய்வதென்றால் ஒன்றோடு ஒன்று உரச வேண்டும். செருப்பு தேயும், சாவி தேயும், ஃப்ரெட் தேயும். கழுத்தும் உடலும் சேரும் மூட்டில் எது எதோடு உரசியது? சாதாரணமான லைட் தந்திகளைச் சுருதிக்கு ஏற்றினாலே ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கின்றன. அதைத் தாங்கும் முன்பலகையோ மூன்று மில்லிமீட்டர் தடிமன்கூட வராத ஸ்ப்ரூஸ் மரம். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பெட்டிக்குள் தூங்கினாலும், இரவும் பகலும் அந்த இழுப்பு நிற்பதில்லை. வருடங்கள் போகப்போக பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்புகிறது, ஒலித்துளைப் பக்கம் அமுங்குகிறது, கழுத்தைப் பிடித்திருக்கும் கட்டை இம்மியளவு முன்னால் சாய்கிறது. நான் இந்தக் கிடாரைத் தொடவே இல்லை என்றாலும், தந்தியை மாட்டி வைத்திருந்தால் போதும், இது நடந்திருக்கும். அப்படியிருக்க, இதை நான் பயன்படுத்தியதால் வந்த தேய்மானம் என்று எப்படி எழுத முடிகிறது?

பலகையைத் தடியாகச் செய்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. தடியாகச் செய்தால் அசையாது, பாடவும் பாடாது. உள்ளே எக்ஸ் வடிவில் சட்டம் கட்டும் முறை 1840-களில், குடல்நரம்புத் தந்தி காலத்தில் உருவானது. பிறகு எஃகுத் தந்தி வந்து பாரம் கூடியபோதும் அதே அமைப்புதான் தாக்குப்பிடித்தது. முறியாத அளவுக்குப் பலம், ஒலிக்கிற அளவுக்கு மெலிவு: அந்த விளிம்பில்தான் எல்லாக் கிடாரும் நிற்கிறது, அதன் குரலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆக, இருபது முப்பது வருடத்தில் பல கிடார்களுக்குக் கழுத்தைக் கழற்றி மாட்ட வேண்டிவரும் என்பது செய்கிறவருக்கு விற்கும் நாளிலேயே தெரியும். டெய்லர் கிடார் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த கழுத்தில் போல்ட்டைக் கழற்றி, மெல்லிய சில்லு ஒன்றை மாற்றினால் கோணம் சரியாகிவிடும். வருமென்று தெரிந்து, அதற்கு வழி வைத்துவிட்டார்கள். முதலில் வாங்கியவருக்கு இந்த வேலையை வாரண்டியிலேயே செய்துகொடுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. நீங்கள் கொடுக்கமாட்டீர்கள் என்றால் அதுகூடப் பரவாயில்லை. விற்கும்போது அட்டையில் எழுதியிருக்க வேண்டும். ‘ஆயுள்’ என்ற சொல்லைத் தங்க எழுத்தில் போட்டீர்கள், கழுத்தைப் பற்றி எங்கும் மூச்சே விடவில்லை. அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டுத்தான் சொல்கிறேன்.

“வேண்டுமானால் தொழிற்சாலைக்கு அனுப்புங்கள், கட்டணம் பற்றிப் பிறகு சொல்கிறோம்” என்று உதவி எண்ணில் பேசியவர் சொன்ன யோசனையும் எனக்குச் சரிப்படவில்லை. எல்லை தாண்டும் கிடார் என்றால் மரத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி முதல் ரோஸ்வுட் வகைகள் அனைத்துக்கும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்தார்கள், ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. என்னுடையது அந்த மரமில்லை, தப்பித்தேன். ஆனாலும் தந்தியைத் தளர்த்தி, தலைப்பக்கம் துணி சுற்றி, பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து இரண்டு முறை பயணம் அனுப்ப மனம் வரவில்லை.

கடைசியில் கிடார் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். 15-ஆம் ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை போட்டு, கழுத்தும் உடலும் கோத்துக்கொள்ளும் டவ்டெயில் (புறாவால் வடிவ) மூட்டுக்குள் நீராவி விட்டார். பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மெல்ல ஒரு முனகல், பழைய பசை வேகும் நாற்றம், கழுத்து அவர் கையோடு வந்துவிட்டது. இரண்டு நாள் காய விட்டு, கழுத்தின் அடிக்கும் உடலுக்கும் நடுவே உப்புத்தாள் பட்டையைச் செருகி இழுத்து இழுத்துச் சீவினார். எடுத்தது மொத்தம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மரம்தான் உங்களுக்கும் எனக்கும் இடையிலான வழக்கு.

வெளியாள் கைவைத்ததால் இனி எந்த வாரண்டியும் இல்லை என்று எழுதப்போகிறீர்கள், அட்டையின் ஏழாவது நிபந்தனை அது. நீங்கள் செய்யமாட்டேன் என்று எழுத்தில் சொன்ன வேலையை இன்னொருவர் செய்தால், நீங்கள் செய்வதாகச் சொன்ன மற்ற வேலைகள் ஏன் ரத்தாக வேண்டும்? இந்த ஒரு நிபந்தனையையாவது எடுத்துவிடுங்கள். கூடவே, தொழிற்சாலையை விட்டுப் போகும் ஒவ்வொரு கிடாரின் அட்டையிலும் சாடில் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தெரிகிறது, அளவுகோல் பிரிட்ஜில் எங்கே உட்காருகிறது என்று இரண்டு எண்களைக் குறித்துக் கொடுங்கள். பரிசோதனை மேசையில் எப்படியும் பார்ப்பதுதானே? பின்னால் சண்டை வந்தால் இரு தரப்புக்கும் காட்ட ஏதாவது இருக்கும். கழுத்துக் கோணம் வாரண்டியில் உண்டா இல்லையா என்பதையும் அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கழுத்து கழன்று வந்தபோது மூட்டின் உள்பக்கத்தில் பென்சிலில் ஓர் எண்ணும், அதையொட்டி யாரோ போட்ட இரண்டெழுத்தும் இருந்தன. நீராவி பட்டும் அழியவில்லை. உங்கள் ஆட்களில் ஒருவருடையதாகத்தான் இருக்கும். நேர்த்தியான மூட்டு, பழுது பார்த்தவரே இரண்டு முறை சொன்னார். அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஒட்டுவதற்கு முன் அவரும் பென்சிலை எடுத்து, அதன் கீழேயே அன்றைய தேதியைக் குறித்தார்.

இப்படிக்கு,
2001 முதல் உங்கள் கிடாரை வாசித்து வருபவன்