பட்டியலிலிருந்து பெயரை எடுக்க அந்தக் கடைக்காரர் என்ன செய்யவேண்டும்?

கூடலூர், பந்தலூர் பஜார் வியாபாரிகளுக்கும், கோயில் கமிட்டி, மஹல்லு (பள்ளிவாசல்) கமிட்டி, சர்ச் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். போன வாரத்திலிருந்து நம் வட்டாரத்து வாட்ஸாப் குழுக்களில் இரண்டு பட்டியல்கள் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். உங்களில் சிலர்தான் அந்தக் குழுக்களுக்கு அட்மின்.

ஒரு பையன் இன்னொரு மதத்தாரின் மனம் நோகும்படி ஸ்டேட்டஸ் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவன் அதைவிடக் கேவலமாகப் பதில் போட்டான். யார் முதலில் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. அதற்குப் பின்னால் வந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'இந்தக் கடைகளில் வாங்காதீர்கள்' என்று ஒரு பட்டியல்: துணிக்கடை, கோழிக்கடை, பேக்கரி, ஸ்டாண்டில் இன்னார் ஓட்டும் ஜீப். மறுநாள் காலையில் எதிர்ப்பட்டியல். இரண்டையும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அந்தப் பையன்களின் மாமன் மச்சான் கடைகூட அதில் இல்லை.

எனக்கு ஒரே கேள்விதான். பட்டியலில் பெயர் வந்த பேக்கரிக்காரர், தன் பெயரை எடுக்கவைக்க என்ன செய்யவேண்டும்? மன்னிப்புக் கேட்கவேண்டுமா, எதற்கு? ஸ்டேட்டஸை அழிக்கவேண்டுமா, யாருடைய போனில்? அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வேறு வீட்டில் பிறந்திருக்கவேண்டும்.

வாங்க மறுப்பது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. என் காசை எங்கே செலவு செய்வது என்பது என் இஷ்டம். அந்நியத் துணியை எரித்த நாடு இது. ஒரு கம்பெனி என் சாமியை இழிவுபடுத்தி விளம்பரம் போட்டால், அதன் சோப்பை வாங்கமாட்டேன். விளம்பரத்தை எடுத்தால் மறுபடி யோசிப்பேன். செய்தவன் யார், என்ன செய்தால் இது முடியும் என்ற இரண்டும் தெரிந்தால் அது புறக்கணிப்பு. இரண்டும் தெரியாவிட்டால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் நீங்கள் மடலை மூடிவைத்துவிடுவீர்கள்.

டென்மார்க்கில் யில்லன்ட்ஸ்-போஸ்டன் என்ற பத்திரிகை 2005 செப்டம்பர் 30 அன்று நபிகள் நாயகத்தைப் பற்றி 12 கேலிச்சித்திரங்கள் வெளியிட்டது. அடுத்த ஜனவரிக் கடைசியில் சவூதியில் டேனிஷ் பொருட்களைப் புறக்கணிக்க ஆரம்பித்தார்கள். பெரிய அடி வாங்கியது ஆர்லா என்ற பால் நிறுவனம். அப்போது அது டேனிஷ், ஸ்வீடிஷ் விவசாயிகளுக்குச் சொந்தமான கூட்டுறவு. நம் இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலை ஆலைகளைப்போல, மாடு வளர்ப்பவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். சில நாட்களில் வளைகுடாவில் வியாபாரம் ஏறக்குறைய நின்றேபோனது. படம் வரைந்தது அவர்கள் இல்லை, அச்சிட்டதும் இல்லை. ஸ்வீடன்காரருக்கு அந்தப் பத்திரிகை சொந்த நாட்டுப் பத்திரிகைகூடக் கிடையாது. டேனிஷ் அரசோ, பத்திரிகைக்காக நாங்கள் மன்னிப்புக் கேட்க முடியாது என்றுவிட்டது. ஆர்லா நடுவில் மாட்டிக்கொண்டது. 'எங்களுக்கும் அந்தப் படங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று அரபுப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. அதற்காகச் சொந்த ஊரிலும் திட்டு வாங்கியது.

இனி நம் பக்கம். 2022 மே கடைசியில், பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் ஒருவர் டிவி விவாதத்தில் நபிகளைப் பற்றிப் பேசிய பேச்சு வளைகுடாவைக் கொதிக்கவைத்தது. குவைத்தில் அல் அர்தியா கூட்டுறவுக் கடையில் இந்தியத் தேயிலையை அலமாரியிலிருந்து எடுத்துத் தள்ளுவண்டியில் குவித்தார்கள். அரிசி மூட்டைகளையும் மசாலா அடுக்குகளையும் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, 'இந்தியப் பொருட்களை அகற்றிவிட்டோம்' என்று எழுதி ஒட்டினார்கள். தேயிலை என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. குன்னூர் ஏலத்தில் போகும் தூளுக்கு ரஷ்யா, இராக், அமீரகம், ஈரான் என்று வெளிநாட்டுச் சந்தைதான் பெரிய பலம். பந்தலூரில் மழையில் நனைந்து கொழுந்து பறித்தவள் எந்த டிவியில் பேசினாள்?

ஆனால் அது சீக்கிரம் அடங்கியது. காரணத்தைக் கவனியுங்கள். கத்தாரும் குவைத்தும் ஈரானும் இந்தியத் தூதரை அழைத்துக் கண்டித்தன. ஜூன் 5 அன்று கட்சி அந்தச் செய்தித் தொடர்பாளரை இடைநீக்கம் செய்தது. அங்கே வளைகுடா நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் ஏறத்தாழ 90 லட்சம் பேர். எண்ணெய் அவர்களுடையது, ஆள் நம்முடையது. முறித்துக்கொள்ள இரண்டு பக்கமும் துணியவில்லை. கோபத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வாசல் இருந்தது, உள்ளே பதில் சொல்ல ஒருவர் இருந்தார். ஊட்டி ரோட்டுத் துணிக்கடைக்கும் எதிர்த்த மளிகைக்கும் நடுவே எந்தத் தூதரகம் இருக்கிறது? இருந்தால் அது நீங்கள்தான். நீங்களோ குழுவை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

'வியாபாரம் நம்மை ஒன்றாக வைத்திருக்கிறது, ஒன்றும் ஆகாது' என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதை நான் நம்பவில்லை. என் தாத்தா பாட்டி சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையின் பதுளைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து பறித்தவர்கள். அங்கே இன்னும் உறவுகள் இருப்பதால் இலங்கைச் செய்தி எங்கள் வீட்டில் உள்ளூர்ச் செய்தி. 2013-இல் அங்கே ஹலால் முத்திரை போட்ட பொருளை வாங்காதே என்று பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு கிளம்பியது. முஸ்லிம் உலமாக்கள் சபை, சண்டை வேண்டாம் என்று உள்நாட்டுப் பொருட்களில் முத்திரையே வேண்டாமென்று விட்டுக்கொடுத்தது. கோரிக்கை நிறைவேறிவிட்டதல்லவா, அடங்கியதா? 2014 ஜூனில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் அளுத்கம எரிந்தது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகன. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, முஸ்லிம் கடைப்பக்கம் போகாதே என்ற பேச்சு மறுபடி எழுந்தது. அங்கேயும் கடைக்காரரும் வாடிக்கையாளரும் தலைமுறையாகப் பழகியவர்கள்தான். விற்பதும் வாங்குவதும் சண்டையைக் கொஞ்சம் செலவு பிடிக்கும் காரியமாக ஆக்கும், அவ்வளவுதான். அந்தச் செலவைக் கொடுக்க ஒருவன் தயாராகிவிட்டால் கல்லாப்பெட்டி அவனைத் தடுக்காது.

அதேபோல, வியாபாரம் கெடும் என்பதற்காக மனம் நொந்தவரை 'விடுங்க, பார்த்துக்கலாம்' என்று அமுக்குவதும் வேண்டாம். நொந்தது நொந்ததுதான். அதற்கு ஸ்டேஷன் இருக்கிறது. வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தினால் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவு இருக்கிறது. மதத்தின் பெயரால் பகை வளர்த்தால் 196. பட்டியல் தயாரித்த அண்ணன்மார்களும் இக்காமார்களும் இரண்டாவதைக் கொஞ்சம் விசாரித்துவைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, சிரிக்காமல் படியுங்கள். மாதக் கடைசியில் ஃபேக்டரியிலிருந்து இலைப் பணம் வரும்வரை நம் வீடுகளில் அரிசி வேகுவது யாருடைய கணக்கு நோட்டால்? செக்‌ஷன் 17 நிலத்தில் (ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் தீராமல் கிடக்கும் நிலம்) பட்டா இல்லாதவனுக்கு எந்த பேங்கு கடன் கொடுத்தது? அந்த மளிகைக்காரர்தான் கொடுத்தார். பட்டியலைப் பரப்பியவர்களில் சிலருக்கு அதே கடையில் பழைய பாக்கி நிற்கிறது என்று சந்தைக்கே தெரியும். புறக்கணிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் புறக்கணியுங்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதல்ல. வியாபாரிகள் சங்கமும் கமிட்டிகளும் ஒரே மேசையில் உட்காருங்கள். இரண்டு பட்டியலையும் போட்டவர்களைக் கூப்பிட்டு, அதே குழுக்களில் அவர்கள் கையாலேயே திரும்பப் பெறவையுங்கள். இரண்டு பையன்களையும் பெற்றோரோடு வரவழையுங்கள். மன்னிப்பு அவர்கள் வாயிலிருந்து வரட்டும், கடைக்காரர் வாயிலிருந்து வேண்டாம். யார் கடை என்று காட்ட ஸ்டிக்கரோ கொடியோ ஒட்டச் சொல்லி எவன் வந்தாலும், சங்கம் ஒரே குரலில் முடியாது என்று சொல்லட்டும். உத்தரப்பிரதேசத்தில் கன்வர் (காவடி) யாத்திரைப் பாதைக் கடைகளில் உரிமையாளர் பெயர் எழுதவேண்டும் என்று போட்ட உத்தரவை 2024 ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றமே நிறுத்திவைத்தது. அதை நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் வைக்காதீர்கள், ஞாயிறு காலையும் வேண்டாம். செவ்வாய் சாயங்காலம் வையுங்கள். இலை எடை போட்டுவிட்டு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
பந்தலூர்ப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருத்தி