கலங்கரை விளக்கத்தடியில் என் மகனை உட்கார வைத்திருந்தவர்களுக்கு

போன ஞாயிறு சாயங்காலம் மெரினாவில் நாலு வயதுப் பையனைத் தொலைத்துவிட்டு, செருப்பு ஒரு பக்கம் பை ஒரு பக்கம் என்று மணலில் ஓடினேனே, அந்த அம்மா நான்தான். உங்கள் யார் பெயரும் எனக்குத் தெரியாது, அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

பலூன் சுடும் கடை அண்ணே, சுட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு "மஞ்சச் சட்டை, நாலு வயசு" என்று நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குதிரைக்காரத் தம்பி, நீங்கள் அலையோரமாக ஒரு நடை போய்வந்தீர்கள், நான் திரும்பிப் பார்க்கவே பயந்த பக்கம் அது. "புள்ளைய விட்டுட்டு போன்ல என்ன வேலை" என்று திட்டிய பெரியவருக்கும் நன்றி. போனில்தான் இருந்தேன்.

லைட் ஹவுஸ் என்றால் எனக்கு பஸ் ஸ்டாப் பெயர், அவ்வளவுதான். நான் வளர்ந்த காலத்தில் மேலே யாரையும் விடாமல் பல வருடம் பூட்டியே கிடந்தது. 2013 நவம்பரில் மறுபடி திறந்தார்களே, அந்த மாதமே தோழிகளோடு லிஃப்டில் ஏறிப் போனேன். கீழே மணலில் அத்தனை பேரும் கடுகு கடுகாய்த் தெரிந்தார்கள், அதைப் படம் பிடித்துச் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடுகில் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தபோது அந்தச் சிவப்பு வெள்ளைக் கோபுரத்தின் மேல் எனக்குக் கோபமே வந்தது, அங்கே நிற்கிற யாருக்காவது என் பிள்ளை தெரிவானே, எனக்குத் தெரியவில்லையே என்று.

இவனோ அதற்கு நேர் கீழே, சோளம் சுடும் அக்காவின் வண்டியருகில், வாயெல்லாம் மிளகாய்ப்பொடியோடு உட்கார்ந்திருந்தான். வந்து இறங்கியதும் "கப்பலுக்கு வழி காட்டுற விளக்குடா" என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு "வழி தெரியலன்னா இங்கதானம்மா வரணும்" என்கிறான்.

இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அது கண்ணை விட்டு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

அக்கா, அவன் அழாமல் இருக்க விசிறியைக் கையில் கொடுத்து அடுப்பை விசிறச் சொன்னீர்களாமே. அன்றைய பதற்றத்தில் அவன் தின்ற சோளத்துக்குக் காசு கொடுக்காமலே வந்துவிட்டேன். வருகிற ஞாயிறு வருகிறோம், ரெண்டு சோளம் எடுத்து வையுங்கள், அவனுக்கு மிளகாய் கொஞ்சம் கம்மியாக.