முடிவு மனிதரிடமே இருக்கட்டும்

மனிதர் கட்டளையின்றிச் செயற்கை நுண்ணறிவால் தாமே முடிவெடுத்துத் தாக்கும் தன்னியக்க ஆயுதங்கள், எதிரியைத் தாக்கத் துணியாமல் அடக்கிவைக்கும் நாட்டின் தடுப்பாற்றலைப் பெருக்கும் என்ற தங்கள் தலையங்கத்தின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. எதிரி அடங்கியிருப்பது நம் ஆயுதத்தின் வேகத்துக்கு அஞ்சி மட்டுமன்று. நாம் என்ன செய்வோம் என்பதை அவன் ஓரளவு கணிக்க முடிவதாலும், ஐயம் எழும்போது யோசிக்க இரு தரப்புக்கும் சில நிமிடங்களாவது கிடைப்பதாலும்தான். அந்த நிமிடங்களைத்தான் செயற்கை நுண்ணறிவு பறித்துவிடுகிறது. 1983 செப்டம்பர் 26 அன்று, மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் சோவியத் எச்சரிக்கை அமைப்பு அமெரிக்க ஏவுகணைகளாகக் காட்டியபோது, அதை நம்ப மறுத்தவர் பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரியே. விமானப் படையின் ரேடார் நிலையமொன்றில் நான் பணியாற்றியபோது, ஒரு விடியற்காலையில் திரையில் புள்ளிகள் வரிசையாக நகர்ந்தன. தொலைபேசியை எடுக்கப் போன என் கையைப் பிடித்து, "ரேடார் இன்னும் இரண்டு சுற்று சுற்றட்டும், பார்ப்போம்" என்றார் மேலதிகாரி. அவை பறவைகள்.

2022 மார்ச் 9 அன்று நம் பிரமோஸ் ஏவுகணை தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அன்று அங்கே பதிலடியை ஓர் இயந்திரம் தீர்மானித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதரிடமே இருக்க வேண்டும் என்று அமெரிக்க, சீன அதிபர்கள் 2024 நவம்பரில் லிமாவில் உறுதிப்படுத்தினர். ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் இந்தியாவும் பாகிஸ்தானும் அதே நாளில் இத்தகைய உறுதிமொழியையும் பரிமாறிக்கொள்ள நம் அரசு முன்முயற்சி எடுக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற விமானப் படை வீரர், தஞ்சாவூர்