ஏரிக்கரை நடையை ‘சுலபம்’ என்று எழுதிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலை ஏரிக்கரையில் ஒரு நாள் நடைப்பயணம் போவது பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏரியின் அழகைச் சொன்ன விதத்தில் குறையே இல்லை. ஆனால் கரையோரமாகத்தான் பாதை, ஏற்றமே கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம், களைத்துப்போனால் ஏரியில் ஒரு குளியல் போடலாம் என்று போகிறதே, அதை நம்பிக் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

தண்ணீர் மட்டமாக இருப்பதால் கரையும் மட்டமாக இருந்துவிடாது. மலைச்சரிவு நேராக ஏரிக்குள் இறங்கும் இடங்களில் பாதை மேலே ஏறி, பாறையைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கீழே வரும். அதைத் தாண்டினால் அதேபோல இன்னொன்று. நேயிஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அப்புறம் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதுவும் நல்ல பாதையில் நிற்காமல் நடப்பவர்களுக்கு. உருளைக் கல்லிலும் ஈர வேரிலும் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டிய கரைக்கு அந்தக் கணக்கு போதாது.

சிகரம் ஏறுகிறவர் முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம். ஏரியைச் சுற்றுகிறவர் பாதி தூரம் வந்துவிட்டால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம்தான். நிறுத்திய வண்டி எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நடுவில் தண்ணீர் கிடக்கிறது. அதனால் கால்வாசி தூரத்திலேயே நின்று மணி பார்க்க வேண்டும், நினைத்ததைவிட நேரம் கூடியிருந்தால் யோசிக்காமல் திரும்பிவிட வேண்டும்.

விடியற்காலையில் கிளம்பச் சொல்வதும் இதற்காகத்தான். காற்று எழுவதற்கு முன் ஏரி அசையாமல் இருக்கும்போது இரண்டு ஆள் ஆழத்தில் கிடக்கும் கல்லின் வரிகூடத் தெரியும், அதைப் பார்ப்பதற்காகவே போகலாம். மலைகளில் கோடைக்கால இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், திறந்த கரையில் மின்னலுக்கு ஒதுங்க இடம் இருக்காது. பனி உருகி வரும் ஓடையாக இருந்தால் காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் முழங்காலுக்கு ஏறியிருக்கும்.

இதையெல்லாம்விட என்னை எழுத வைத்தது அந்தக் குளியல் யோசனை. கரையோரம் வெயிலில் கிடக்கும் தண்ணீரில் கை வைத்தால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் ஏரியின் ஆழம் எத்தனை அடியில் தொடங்கும் என்று மேலிருந்து சொல்ல முடியாது. ஆழமான மலை ஏரிகளில் அடித்தண்ணீர் கோடையிலும் 4 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று இறங்கினால் உடம்பு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும், நாம் அடக்கினாலும் நிற்காது. அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குப் போவது தண்ணீர்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான், உடம்புச் சூடு அபாய அளவுக்கு இறங்குவதற்கு வெகு முன்பே கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. தவறி விழுந்தால் உடனே நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதக்க வேண்டும், ஓரிரு நிமிடங்களில் மூச்சு கட்டுக்குள் வரும், அதன்பிறகு கரைக்கு வரலாம். கால் நனைக்கும் குழந்தையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும், கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இனி இப்படிக் கட்டுரை போடும்போது படத்துக்குப் பக்கத்தில் மொத்தத் தூரம், மொத்த ஏற்றம், தண்ணீரின் குளிர், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நான்கையும் ஒரு பெட்டியில் போடுங்கள். வந்துவிட்ட கட்டுரைக்கும் அடுத்த வாரமே ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள், விடுமுறைக்குள் வந்தால் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்