பேசாத பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நம் காலைச் சுற்றிச் சுற்றி வந்த பையன் தனியாக வீடெடுத்துத் தங்கப் போகிறான் என்பது சந்தோஷமாகவும் இருக்கிறது, உன் வீடு வெறிச்சோடிப் போகுமே என்றும் இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பருவத்திலிருந்து வகுப்பில் பங்கேற்பதற்கு 10 மதிப்பெண் என்று உங்கள் பள்ளியில் முடிவாகியிருக்கிறது. நோட்டில் பிரமாதமாக எழுதும், ஆனால் வாயே திறக்காத அந்தப் பெண்ணுக்கு என்ன போடுவது என்று கேட்டிருக்கிறாய். எத்தனை முறை பேசினாள் என்பதற்கு மதிப்பெண் வைக்காதே. அவள் யோசித்தது வகுப்புக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்து வை. பேச்சு அதற்கு ஒரு வழி, அதுவே ஒரே வழி இல்லை. அவள் யோசனை வந்து சேர வழி வைப்பது நம் வேலை, அவள் வேலை இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதற்கு முன்னால், பேசாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை என்பதை உன் சக ஆசிரியர்களிடமும் சொல்லி வை. உளவியலாளர் கார்ல் யுங் 1921ல் அகமுகம், புறமுகம் என்று மனப்போக்கைப் பிரித்து எழுதியபோது கூச்சத்தை வைத்துப் பிரிக்கவில்லை. மனம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான் சொன்னார். இன்று நாம் இன்ட்ரோவர்ட் என்று சொல்லும் அகமுகமான பிள்ளைக்கு மனிதர்களைப் பிடிக்காமல் இல்லை. கூட்டமும் சத்தமும் சீக்கிரம் களைப்பாக்கிவிடும், பேசுவதற்கு முன்னால் யோசித்து முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கூச்சப்படும் பிள்ளையின் கதை வேறு. அதற்குப் பேச ஆசை இருக்கும், சிரிப்பார்களோ என்ற பயம் தடுக்கும். இன்னும் சிலர் வீட்டில் நன்றாகப் பேசுவார்கள், பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு வார்த்தைகூட வராது. அது பிடிவாதம் இல்லை. பதற்றம் சார்ந்த ஒரு நிலை, நிபுணரின் உதவி தேவைப்படுவது. அப்புறம், நேற்றுவரை கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று அடங்கிப்போனால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடாதே. காது சரியாகக் கேட்கிறதா, யாராவது மிரட்டுகிறார்களா, வீட்டில் ஏதாவது நடந்ததா என்று விசாரி.

நீ சொல்லும் பெண் இடைவேளையில் தன் தோழியோடு பேசிச் சிரிக்கிறாள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். தனியாக விட்டால் புத்தகத்தோடு நிம்மதியாக இருக்கிறாள். அவளிடம் சரிசெய்ய வேண்டிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீ நாளைக்கே செய்யக்கூடியது, செலவே இல்லாதது ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்டபின் காத்திரு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், அல்லது வேறு பிள்ளையிடம் போய்விட்டார்கள். அந்த இடைவெளியை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, மந்தம் என்று ஆசிரியர்கள் நினைத்திருந்த பிள்ளைகளும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

3 வினாடி என்று படிக்கும்போது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். வகுப்பின் முன்னால் நின்று மனசுக்குள் எண்ணிப் பார், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை நிரப்பிவிடலாம் என்று இருக்கும். நிரப்பாதே. கேள்வி முடிவதற்குள் கை தூக்கும் நாலைந்து பேரை "கையை இறக்குங்கள், எல்லோரும் யோசிக்கட்டும், நான் சொன்னதும் தூக்கலாம்" என்று நிறுத்து. இன்னொரு இடைவெளியைப் பற்றியும் ரோ சொன்னார், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பதில் சொல்லி நிறுத்தியதும் "சரி, நல்லது, அடுத்து" என்று பாயாமல் இருப்பது. அமைதியான பிள்ளைகள் பலர் முதல் வாக்கியத்தோடு முடிப்பதில்லை. நாம் குறுக்கே வராவிட்டால் இரண்டாவது வாக்கியம் வரும், விஷயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981ல் முன்வைத்த முறை உனக்கும் தெரியும்: தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, பிறகு வகுப்புக்குச் சொல். நடைமுறையில் முதல் படியை எல்லோரும் சுருக்கிவிடுகிறார்கள். கேள்வியைச் சொன்ன கையோடு "ம், ஜோடியாகப் பேசுங்கள்" என்றால் வாய் பேசும் பிள்ளை பேசும், மற்றது தலையாட்டும். யோசிக்கும் நேரத்தில் இரண்டு வரி எழுத வை. தாளில் இருப்பதைப் பார்த்துச் சொல்வது, வெறுங்கையோடு சொல்வதைவிட எவ்வளவோ சுலபம். பெரிய விவாதம் என்றால் கேள்வியை முதல் நாளே கொடுத்துவிடு.

குழு வேலையைப் பற்றி நீ கவலைப்பட்டது நியாயம்தான். சேர்ந்து உட்கார வைத்தால் யோசனை தானாகப் பெருகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 1958ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசனைகளை அடுக்கினார்கள். வேறு நான்கு பேர் தனித்தனியாக எழுதியதைப் பின்னர் ஒன்றாகச் சேர்த்தார்கள். தனித்தனியாக எழுதியவர்களிடம்தான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் வந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு காரணத்தைக் காட்டின: குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், முறை வருவதற்குள் மற்றவர்கள் நினைத்தது நழுவிவிடும். முறைக்காக அடித்துப் பிடித்துப் போகாத பிள்ளைக்கு அது எப்போதுமே நழுவும். அதனால் குழு வேலையையும் தனி வேலையாகத் தொடங்கு. எல்லோரும் எழுதி நடுவில் வைத்தபின் பேசட்டும். குழுவை மூன்று பேருக்கு மேல் போகவிடாதே. இன்னொன்று, அமைதியான பிள்ளைக்கே எப்போதும் "நீ எழுதிக்கொள்" என்ற வேலை வந்து சேரும். அடுத்தவர் யோசனையை அழகான கையெழுத்தில் எழுதுவதோடு அவள் பங்கு முடிந்துபோகும். அதைக் கவனித்துக்கொண்டே இரு.

சத்தம் பற்றி ஒன்று மட்டும். ரஸல் கீன் என்ற உளவியலாளர் 1984ல் ஒரு சோதனை செய்தார். தங்களுக்கு வேண்டிய சத்த அளவைத் தாங்களே தேர்ந்துகொள்ளச் சொன்னபோது அகமுகமானவர்கள் குறைந்த சத்தத்தைத் தேர்ந்தார்கள், தங்கள் அளவில் இரு தரப்பும் ஒரே மாதிரி நன்றாகக் கற்றன. அகமுகமானவர்களை மற்றவர்களின் சத்தத்தில் உட்கார வைத்தபோது அவர்கள் பின்தங்கினார்கள். நாளில் ஒரு கால் மணி நேரமாவது வகுப்பு முழுக்க அமைதியாக வேலை செய்யட்டும். இடைவேளையில் அவள் புத்தகத்தோடு இருந்தால் விளையாட இழுத்துப் போகாதே.

இதையெல்லாம் சொல்வதால், அவளை அப்படியே விட்டுவிடு என்று எடுத்துக்கொள்ளாதே. "பாவம், பேச மாட்டாள்" என்று ஒரு வருஷம் முழுக்க யாருமே எதுவும் கேட்காமல் இருப்பது கரிசனம் இல்லை. அவள் அங்கே இல்லை என்று சொல்வதுதான் அது. கேள். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேள். அவள் நோட்டைத் திருத்தும்போது, "இந்த மூன்றாவது பத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது, நாளைக்கு வகுப்பில் வாசிக்கிறாயா, இல்லை நான் வாசிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார். செமினார் மாதிரி ஏதாவது வந்தால் முதலில் உன்னிடம் மட்டும், அடுத்து இரண்டு மூன்று பேர் முன்னால், பிறகு வகுப்பு முன்னால் என்று போகட்டும். அவள் பேசிய அன்று "அடேயப்பா, இன்றைக்கு நம்ம பொண்ணு பேசிட்டாளே!" என்று கைதட்ட வைத்துவிடாதே. அடுத்த ஒரு மாதத்துக்கு அவள் வாய் திறக்க மாட்டாள். அவள் சொன்ன விஷயத்தை எடுத்துப் பாடத்தைத் தொடர்ந்தால் போதும். மறுநாள், "நீ நேற்றுச் சொன்ன காரணத்தை வைத்துப் பார்த்தால்..." என்று நீ பாடத்தைத் தொடங்கினால் அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

இனி அந்த 10 மதிப்பெண். தலைமையாசிரியரிடம் பங்கேற்பு வேண்டாம் என்று வாதாடாதே, அதன் அர்த்தத்தை விரிவாக்கிக் கேள். வகுப்பு முடியும்போது துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒரு கேள்வி, முன்தயாரிப்பு, ஜோடியில் பேசியது, அடுத்தவர் சொன்னதைக் கவனித்து அதன்மேல் ஒன்று சேர்த்தது, வகுப்பு முன் பேசியது என்று ஐந்து வழிகள் வை. எதில் எவ்வளவு எடுப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஓயாமல் பேசும் பிள்ளைக்கும் இது நல்லது, கவனித்துக் கேட்பதற்கு அதுவும் உழைக்க வேண்டிவரும்.

முன்னேற்ற அறிக்கையில் எழுதும் அந்த ஒரு வரியையும் யோசித்து எழுது. "வகுப்பில் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்" என்று வருஷா வருஷம் வாசிக்கும் பெற்றோர் வீட்டில் அதையேதான் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவள் எழுதியதில் நீ கண்டது என்ன, அவள் கேட்ட நல்ல கேள்வி எது என்று எழுதினால் அவர்களுக்கும் தங்கள் மகளைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரியும்.

மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறாய் என்று எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பள்ளியில் கொடுப்பதற்கு முன்னால் நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். மகன் கிளம்பியதும் ஒரு வாரம் இங்கே வந்து இரேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய தோழி